கழித்தல் கணக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்று தலைமையாசிரியை அறையில் முக்கால் மணி நேரம் நின்றேன். குற்றம்: அறிவியல் பிரிவுக் கதவில் இருந்த ‘ஆய்வுக்கூடம்’ பலகையைக் கழற்றிப் பெண்கள் கழிவறைக் கதவில் மாட்டியது.

“அந்த வார்த்தைல முதல் ரெண்டு எழுத்தை மட்டும் படிச்சுப் பாருங்க மிஸ். எங்க மாட்டணும்னு அதுவே சொல்லுது.”

மிஸ் ஒரு ஃபைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது. சிரித்து முடித்துவிட்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஃபைலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

“நான்தான்னு எப்படி மிஸ் கண்டுபிடிச்சீங்க?”

“ஒரு நாளைக்கு எட்டு தடவை அந்தக் கதவைப் பாக்கறவ இந்த ஸ்கூல்ல நீ ஒருத்திதான்.”

நியாயம். அந்த முக்கால் மணி நேரத்திலும் இரண்டு தடவை அனுமதி கேட்டு ஓடினேன். இடைவேளை விட்டுத் தண்டனை அனுபவித்த முதல் குற்றவாளி நானாகத்தான் இருப்பேன்.

இந்த நோட்டை நூறு வருஷம் கழித்து யாராவது தோண்டி எடுத்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன்: எனக்கு வயது பதினைந்து. பெருங்குடல் முழுக்கப் புண். இரண்டு வருஷமாக. நோயின் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெயரிலேயே கொலை இருக்கிறது. ஆனால் புண் இருப்பதால் நான் புண்ணியவதியும்கூட.

மார்ச் 6, வியாழன்

குடல் டாக்டரிடம் போனோம். மாத்திரை தோற்றுவிட்டது. ட்ரிப்பில் ஏற்றிய முதல் மருந்து தோற்றுவிட்டது. இரண்டாவது தோற்றுக்கொண்டிருக்கிறது. ஸ்டீராய்டு மட்டும் ஒரு சாதனை செய்திருக்கிறது: என் முகத்தை முழுநிலா ஆக்கியிருக்கிறது. எங்கள் தெருவுக்கு இனி விளக்கே வேண்டாம்.

“ரெண்டு வழி இருக்கு. இன்னொரு மருந்து இருக்கு, கேக்குமான்னு உறுதியா சொல்ல முடியாது. இல்லன்னா ஆபரேஷன், பெருங்குடலை எடுத்துடறது.”

“எடுத்துடறதுன்னா... எவ்வளவு?” என்று கேட்டாள் அம்மா.

“முழுசா.”

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். யாராவது ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

“டாக்டர், வாடகைக்கு இருக்கறவங்களையே மூணு மாசம் டைம் குடுத்துதான் காலி பண்ணச் சொல்வாங்க. இது பதினஞ்சு வருஷமா சொந்த வீடு மாதிரி இருக்கு.”

டாக்டர் சிரித்தார். அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

முடிவு: இரண்டு வாரம் ஸ்கூலுக்கு லீவு, வீட்டில் ஒரு சார்ட். ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு கோடு. ரத்தம் வந்தால் சிவப்புக் கோடு. ஒரு நாளைக்கு ஆறுக்குக் கீழே இறங்கினால் இன்னொரு மருந்தைப் போட்டுப் பொறுத்துப் பார்க்கலாம். இறங்காவிட்டால் கத்தி. நடுவில் சர்ஜனையும் பார்த்துவிட வேண்டும்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் கழிவறைக் கதவில் சார்ட்டை ஒட்டினாள். இரண்டு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். பையில் கைப்பிடி தைப்பவள் அல்லவா, நூல் அறுந்தே போகாது.

மார்ச் 7, வெள்ளி

உடலுக்கும் குடலுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்துக்கு இத்தனை பாடா?

மார்ச் 9, ஞாயிறு

வீடு இரண்டு கட்சியாகிவிட்டது.

அப்பா ஆபரேஷன் கட்சி. அவர் லிஃப்ட் மெக்கானிக். “ஒரு பார்ட் மூணு தடவை மக்கர் பண்ணா, நாலாவது தடவை எண்ணெய் போடறவன் முட்டாள். கழட்டிட வேண்டியதுதான்.”

அம்மா வேண்டாம் கட்சி. “கழட்டினா மாட்டறதுக்கு உங்க கடையில ஸ்பேர் இருக்கா? இல்ல, இருக்கான்னு கேக்கறேன்.”

“அதுக்குத்தான் கழிவு சேர ஒரு பை வெப்பாங்களாம்ல.”

அந்த வார்த்தை வந்ததும் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். வேடிக்கை என்னவென்றால், அம்மா வேலை பார்ப்பதே பை தைக்கிற பட்டறையில். ஸ்கூல் பை, பயணப் பை, கடைப் பை என்று ஒரு நாளைக்கு நாற்பது பை அவள் மெஷினைத் தாண்டிப் போகும். ஆனால் மூன்று நாளாக வீட்டில் அந்தச் சொல்லையே சொல்வதில்லை. ‘அது’ என்கிறாள். இன்று தம்பியிடம் “உன் ஸ்கூல் அதை எடுத்து வெச்சியாடா?” என்றாள். அவன் எதைத் தேடுவதென்று தெரியாமல் வீடு முழுக்கச் சுற்றினான்.

சமையலறையிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. “பொழுதன்னைக்கும் ஊர்ல இருக்கறவங்களுக்கு நான் தைக்கிறேன். என் பொண்ணு அதைச் சுமந்துக்கிட்டு திரியணுமா?”

நான் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடுநிலை என்றிருப்பேன். உண்மையில் அந்த நேரம் நான் கழிவறையில் இருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று சார்ட்டில்: 7. உண்மையில்: 13.

காலையில் நாலாவது கோடு போடும்போது அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கோடு விழுந்ததும் அவள் தோள் இறங்கியது. ஐந்தாவது தடவை நான் கோடு போடவில்லை. அம்மா கதவைப் பார்த்துவிட்டு, “பரவால்லடி, மணி பதினொண்ணாச்சு, இதுவரைக்கும் நாலுதான்” என்று சொல்லி ஒரு ரொட்டியை எனக்குப் பாதி, தனக்குப் பாதி என்று பிய்த்தாள். இரண்டு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

அப்புறம் எப்படிக் கோடு போடுவது?

கணக்கு டீச்சர் கேட்டால் சந்தோஷப்படுவார். கழித்தலில் நான் தேறிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

சார்ட்: 5. உண்மை: 15. அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள்.

தம்பி என்னை ஓரமாக இழுத்து, “அக்கா, நீ கோடு போட மறந்துட்ட. நான் வேணா போடவா?” என்றான். அவன் பட்டப்பெயர் ஒலிபெருக்கி. எட்டு வயது. வீட்டில் பால் பொங்கினால் மூன்றாவது தெருவரை செய்தி போய்விடும். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவன் முகம் ஊதின பலூன் மாதிரி இருக்கிறது. எத்தனை நாள் தாங்குமோ.

மார்ச் 14, வெள்ளி

சர்ஜனைப் பார்த்தோம். இவருக்குச் சிரிப்பு நரம்பை யாரோ ஏற்கெனவே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள்.

“இத்தனை நாள் என் ஜோக்கால எல்லாரையும் அறுத்தேன் டாக்டர். அதான் இப்ப என்னை அறுக்க உங்ககிட்ட அனுப்பிட்டாங்க.”

ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துப் படம் வரைந்தார். நன்றாகவே வரைகிறார். பெருங்குடலை முழுவதும் எடுத்துவிடுவார்களாம். சிறுகுடலின் முனையை வயிற்றில் ஒரு சின்ன வாசல் வழியாக வெளியே கொண்டுவந்து, அதன் மேல் பை ஒட்டுவார்களாம். சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் சிறுகுடலையே உள்ளே பை மாதிரி மடித்துத் தைத்து, வாசலை மூடிவிட முடியுமாம். அதுவும் பெரும்பாலானவர்களுக்குத்தான், எல்லோருக்கும் என்று உறுதி சொல்லமாட்டாராம்.

“அவசரத்துல பண்றதைவிட நிதானமா நாள் குறிச்சுப் பண்றது நல்லது. அவ்வளவுதான் நான் சொல்வேன்.”

அம்மா கடைசியில் எழுந்து நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வரும் டாக்டர்?”

“ஆரம்பத்துல ஒரு லிட்டர், ஒன்னரை லிட்டர் வரும். போகப்போகக் குறையும்.”

அம்மா தலையாட்டினாள். பட்டறைக்கு ஆர்டர் வரும்போது அளவு கேட்டுக்கொண்டு தலையாட்டுவாளே, அதே தலையாட்டல்.

திரும்பி வரும் வழியில் நான் பை வைத்தியம், பை வைத்தியம் என்று வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். நாலாவது தடவை பைத்தியம் என்று வந்தது. அப்பா சிரித்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 17, திங்கள்

இதை எழுதாமலேயே விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

பீரோவின் அடித்தட்டில் என் பழைய ஸ்வெட்டரைத் தேடினேன். துண்டில் சுற்றி ஒரு பை இருந்தது. புதுசு. தண்ணீர் ஒட்டாத துணி, உள்ளே ரெட்டை லைனிங், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். தோளில் மாட்ட அகலமான பட்டை, அழுத்தாமல் இருக்கப் பட்டைக்குள் பஞ்சு. மேலே ஜிப், ஜிப்புக்கு மேல் ஒரு மூடி. பக்கவாட்டில் ஒரு ஓட்டை, பொத்தான் ஓட்டை மாதிரி சுற்றிலும் தைத்தது. குழாய் நுழைகிற அளவு.

முதலில் தண்ணீர் பாட்டில் பை என்றுதான் நினைத்தேன். அப்புறம் அடியில் பார்த்தால் சாக்பீஸால் ‘1½’ என்று எழுதியிருந்தது.

அய்யோ அம்மா.

வேண்டாம் வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சண்ட போட்டுக்கிட்டே இத தச்சி வெச்சிருக்கா. நா தோள்ல இதத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போவேன்னு நெனச்சிருக்கா. பட்ட என் தோள அழுத்தக் கூடாதுன்னு பஞ்சு வேற வெச்சிருக்கா. இத மனசுல வெச்சிக்கிட்டுதான் தெனமும் கதவு முன்னாடி நின்னு கோடு எண்ணறாளா? நா என்ன பண்ணிட்டிருக்கேன்?

பையைத் துண்டில் சுற்றி அப்படியே வைத்துவிட்டேன். இன்று சார்ட்: 5. உண்மை: 17. எல்லாமே சிவப்பு.

மார்ச் 19, புதன்

மாட்டிக்கொண்டேன்.

ஒரு கையில் ரத்தப் பரிசோதனைத் தாள், இன்னொரு கையில் அம்மாவின் சார்ட். குடல் டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “சார்ட் ஒண்ணு சொல்லுது, ரத்தம் ஒண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. ரத்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

ஒலிபெருக்கி வெடித்தது. “அக்கா தினமும் பதினஞ்சு தடவ போறா! நான் சத்தியம் பண்ணிட்டேன், அதனாலதான் சொல்லல!” சொல்லிவிட்டு ஓவென்று அழுதான்.

நான் ஒரு ஜோக் தேடினேன். “ஒரு நாளைக்குப் பத்து பத்தா கழிச்சேன்” என்று மட்டும் சொன்னேன். அது ஜோக்கில்லை, கணக்கு.

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இந்த சார்ட்டை நம்பி இன்னொரு மருந்தைப் போட்டுட்டு உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். குடல்ல ஓட்டை விழுந்த பிறகு தூக்கிக்கிட்டு வந்திருப்பாங்க. அப்ப யாருகிட்டயும் எதுவும் கேக்க நேரம் இருக்காது.”

நேராக வார்டில் படுக்கை. ரத்தம் ஏற்றுகிறார்கள்.

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள். “எனக்காகவாடி கழிச்ச?”

நான் தூங்குவதுபோல் நடித்தேன். அவளும் நம்புவதுபோல் நடித்தாள்.

மார்ச் 21, வெள்ளி

இன்று சிரித்ததில் வயிறு வலித்தது. நோய் வலி இல்லை, அசல் வலி!

பை பற்றிச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். அவர் வார்டுக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய் அந்தத் துண்டு மூட்டையை எடுத்து வந்துவிட்டாள். நர்ஸ் அக்கா வாயைத் திறக்கும் முன்பே மேசை மேல் பையை வைத்தாள்.

“நீங்க குடுக்கறது எப்படி இருக்குமோ தெரியாது சிஸ்டர். இது நானே தைச்சது. ஒன்னரை லிட்டர் தாங்கும், சொட்டு ஒழுகாது. தண்ணி ஊத்தித் தொங்கவிட்டுப் பாத்துட்டேன். இதையே மாட்டிக்கலாமா?”

நர்ஸ் அக்கா பையைத் தூக்கிப் பார்த்தார். பட்டையை இழுத்துப் பார்த்தார். ஜிப்பைத் திறந்து மூடினார். “ரொம்ப அழகா தைச்சிருக்கீங்கம்மா. ஆனா இதுல நீங்க ஒரு வாரத்துக்குக் காய்கறியே வாங்கிட்டு வந்துடலாம்.” தன் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து அம்மா உள்ளங்கையில் வைத்தார்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. தட்டையாக, தோல் நிறத்தில், மெத்தென்று.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். மூணுல ஒரு பங்கு நிறைஞ்சதுமே காலி பண்ணிடுவா. ஒன்னரை லிட்டரையும் ஒரே நேரத்துல யாரும்மா தூக்கிட்டு நடப்பாங்க?”

“தோள்ல மாட்ட வேண்டாமா?”

“வயித்துல ஒட்டிக்கும். உள்ளுக்குள்ள. மேல சட்டை போட்டா யாருக்கும் தெரியாது.”

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தை நகத்தால் வருடி, “தையலே இல்லாம ஒட்டியிருக்கான்” என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பக்கத்துக் கட்டில்காரர்கூட எட்டிப் பார்த்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

“ஒரு வாரமா நீ மூட்டை தூக்கிட்டு நடக்கற மாதிரியே கனவுடி எனக்கு.”

“கேட்டிருக்கலாம்லம்மா?”

“நீயும் உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?”

ஒன்றுக்கு ஒன்று. சமன்.

அப்புறம் அம்மாவே சொன்னாள். முழுசாக, வாய் நிறைய. “சரி சிஸ்டர், இந்தப் பையை எப்படி ஒட்டறதுன்னு எனக்குக் காட்டுங்க.”

மார்ச் 22, சனி

ஒத்திகை. நர்ஸ் அக்கா என் வயிற்றில் ஒரு பையை ஒட்டி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நாள் முழுக்கப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நடந்தேன், குனிந்தேன், மாடிப்படி ஏறினேன். அப்பா வந்தபோது “கண்டுபிடிங்க, எங்க இருக்கு?” என்றேன். என் வலது முழங்கையைப் பார்த்தார். லிஃப்டில் கோளாறு எந்த மாடியில் என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ.

எல்லாம் சரி. ஆனால் நிஜமாகவே எனக்கு இது வேண்டுமா? சாயங்காலம் அதைத் தொட்டுக்கொண்டே படுத்திருந்தேன். தண்ணீர்தான். தண்ணீர் இல்லாதது வந்தால்? வாசம் வந்தால்? பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள் தள்ளி உட்கார்ந்தால்?

ஆனால் பதினேழு தடவை ஓடும்போது நான் பெஞ்சிலேயே இருப்பதில்லையே. யார் யாரைவிட்டுத் தள்ளி உட்காருவது?

மார்ச் 24, திங்கள்

சிரிக்காத சர்ஜன் கட்டிலுக்கு வந்தார். அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் “பண்ணிடலாம் டாக்டர்” என்றார்கள். இரண்டு கட்சியும் கூட்டணி. ஆனால் அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

“கையெழுத்து அவங்க போடுவாங்க. வயிறு உன்னுது. நீ சொல்லு.”

மூன்று ஜோக் தயாராக இருந்தது. மூன்றையும் விழுங்கினேன்.

“எனக்குப் பயமா இருக்கு. ஆனா பண்ணுங்க.”

அவர் என் பாதத்தைப் போர்வையோடு ஒரு தடவை பிடித்து விட்டுவிட்டு, “செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் ஒண்ணு” என்றார்.

“டாக்டர், அன்னிக்குப் பண்ணா ஒருத்தரும் நம்பமாட்டாங்க!”

“அதனாலதான் அன்னிக்குத் தியேட்டர் காலியா இருக்கு” என்றார். முகம் அசையவே இல்லை. ஐந்து நிமிஷம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. ஆள் பயங்கரமானவர். தொழிலில் எனக்குப் போட்டி.

மார்ச் 31, திங்கள்

பெருங்குடலுக்குக் கடைசிக் கடிதம்: பதினைந்து வருஷத்தில் பதின்மூன்று வருஷம் நீ ஒழுங்காகத்தான் வேலை பார்த்தாய். அதை மறக்கமாட்டேன். பை வருகிறது. உனக்குப் பை பை.

ஏப்ரல் 5, சனி

வலி. வயிற்றில் குழாய். சிரிக்காதே, தையல் பிரியும் என்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா சிரிக்க வைத்துவிட்டாள். தையல் பிரியவில்லை. வலி மட்டும் பிரித்து மேய்ந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பை ஒழுகியது. படுக்கை, நைட்டி, என் தன்மானம், எல்லாம் போச்சு. குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். ஏன்டா பண்ணோம், ஏன்டா பண்ணோம்னு ஒரே பல்லவி.

அம்மா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். பழைய பையை மெதுவாக உரித்தாள். என் வயிற்றில் சிவப்பாக மொட்டு மாதிரி இருக்கும் குடல் வாசலைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. அளவுகோலை வைத்து அளந்தாள்.

“பை வாயைப் பெரிசா வெட்டியிருக்கடி. ரெண்டு மில்லிமீட்டர் விட்டிருக்க. ரெண்டு மில்லிமீட்டர் விட்டா என் மெஷின்லயே பை நிக்காது, இங்க எப்படி நிக்கும்?”

பையை வயிற்றோடு ஒட்டுகிற புதுத் தட்டை எடுத்துக் கத்தரியால் ஒரே சுற்றில் வெட்டினாள். கச்சிதம். மூன்று நாளாகியும் அசையவில்லை. நர்ஸ் அக்காவுக்கு ஃபோன் போட்டு, “உங்ககிட்ட பை வெக்க வர்ற பையனுங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் நானே வந்து வெட்டக் கத்துக் குடுக்கறேன்” என்று இவளே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள்.

மே 8, வியாழன்

ஸ்டீராய்டு முழுக்க நிறுத்தியாயிற்று. நிலா தேய்கிறது. பெஞ்சுக்காரி வீட்டுக்கு வந்தாள். அரைமணி நேரம் சுற்றி வளைத்துவிட்டு, “பாக்கலாமா?” என்று கேட்டாள். காட்டினேன். “அவ்வளவுதானா? நான் என்னமோன்னு நெனச்சேன்” என்றாள். எல்லோரும் என்னமோன்னுதான் நினைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தாயா என்றாள். இல்லை என்றேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பெயர் தேடினோம். ஒன்றும் எழுதக்கூடிய மாதிரி இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

சித்தி வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். மூன்றரை மணி நேரம். நான் ஜன்னல் ஓரம். கிளம்பும் முன் பையைக் காலி செய்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஒரு பாலம், ஒரு பெட்ரோல் பங்க், மூன்று மாடு. அதுவரை நினைவிருக்கிறது. அப்புறம் தூங்கிவிட்டேன்.

யாரோ தோளை உலுக்கினார்கள். வழியில் ஒரு கடை முன்னால் பஸ் நின்றிருந்தது.

“ஏய், எந்திரி. என் கைப்பையைப் பிடி, சீட்டைப் பாத்துக்கோ. எனக்கு அவசரம், நான் ஓடிட்டு வந்துடறேன்.”

அம்மா இறங்கி ஓடினாள். கடைக்காரரிடம் கேட்டு, அவர் கைகாட்டிய பக்கம் திரும்பி, தப்பான கதவைத் தட்டி, மறுபடி ஓடினாள். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் அவள் சீட்டில் காலை நீட்டி வைத்து இடம் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

“நிதானமா வாம்மா! நான் டிரைவர்கிட்ட சொல்லிக்கறேன்!”